மூன்று விரல் நுரை

வலன்ரைன் தம் மகள் ஜெனோஜா என்ன வேலை செய்கிறாள் என்பதைக் கோயிலில் எவரிடமும் விளக்கிச் சொன்னதில்லை. "ஹோட்டல் மனேஜ்மென்ட்" என்பதோடு பேச்சை முடித்துவிடுவார். செக் நாட்டு உணவகமொன்றில் அவள் பியர் ஊற்றுகிறாள் என்பது தாங்கள் வாழும் கிரவீனில் தமிழரிடையே பரவினால் தலை காட்ட முடியாது என்பது அவர் கவலை. தன் வேலை இன்னதென்று அப்பா ஒருமுறையாவது பிறரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அவள் ஏக்கம்.

அவள் மூன்று மாதம் கெஞ்சிய பின், ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் சிட்னி நகருக்குள் அந்த உணவகத்துக்கு வந்தார். வாசலுக்கு முதுகு காட்டும் கதிரையாகப் பார்த்து அமர்ந்தார்.

ஜெனோஜா குளிர்நீரில் அலசிய குவளையைச் சரித்துப் பிடித்து, முதலில் ஈர நுரையை இறக்கினாள். அதன் அடியில் பொன்னிறப் பியர் ஏறிவந்து நுரையை மேலே தூக்கியது. மூன்று விரல் உயரம்.

"என்ன பிள்ளை, காவாசிக் குவளை நுரை. சனத்தை ஏமாத்துறியளோ?"

நுரைதான் மூடி, அது இல்லாவிட்டால் காற்றுப் பட்டு மணம் செத்துவிடும் என்றாள் அவள். அரைமனதாக உதட்டை வைத்தார். மெத்தென்ற நுரை, பின் தானியத்தின் இனிமை, கடைசியாக நாக்கின் ஓரத்தில் பியரில் சேர்க்கும் ஹொப்ஸ் பூவின் கசப்பு. பாண் சுடும் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர் அவர். மணத்தைப் பற்றிப் பொய் சொல்ல வராது.

"பாண் வேகிற போறணையைத் திறந்த மாதிரி மணக்குது."

இந்தப் பியர் பிறந்த பில்சன் நகரத்தார் 1838இல் கெட்டுப்போன முப்பத்தாறு பீப்பாய் பியரை நகர மண்டபத்தின் முன் கொட்டியதையும், பின் தாங்களே வடிசாலை கட்டி, பவேரியாவிலிருந்து ஆள் பிடித்து, நான்கு வருடத்தில் இந்தப் பொன்னிறத்தைக் கண்டதையும் அவள் சொன்னாள்.

"முப்பத்தாறையும் கொட்டினவங்களோ? சரியான வேலை," என்று இன்னொன்று கேட்டார்.

அதைப் பாதி குடித்திருந்தபோது, அவரோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் வரதராஜா உள்ளே நுழைந்தார். ஜெனோஜாவின் கை குழாயிலேயே நின்றது. தற்செயலாக வந்ததாக அப்பா சொல்லலாம். அவளைத் தெரியாதவர்போலவும் இருந்துவிடலாம்.

"வலன்ரைன் அண்ணை, நீங்களோ? இந்தப் பக்கம்?"

வலன்ரைன் மேலுதட்டைத் துடைத்தார். பக்கத்துக் கதிரையை இழுத்துவிட்டார்.

"மகளிட்ட வந்தனான். இஞ்ச பியர் ஊத்துறது அவள்தான். இரும், ஒண்டு குடியும். நுரையைக் குறைக்கச் சொல்லாதையும், கேக்கமாட்டாள்."

ஜெனோஜா திரும்பி நின்று, இன்னொரு குவளையை வேண்டியதற்கும் அதிகமாக அலசினாள்.