எட்டு விநாடி

நான்காவது காலையும் திரையில் அதே ஒற்றை வரி: பிழை. பக்கத்தில் ஓர் எண். நேற்று வேறு எண், முந்தாநாள் வேறு. எண் மாறிக்கொண்டே இருந்ததுதான் அவனுக்குப் பயம். ஒரே எண் வந்தால் ஏதோ ஒரு பழுது என்று தேற்றிக்கொள்ளலாம். மாறினால், சிப்பில் இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக அழிகிறதோ என்னவோ. அவனுக்கு நிச்சயமாகத் தெரியாது. எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள் அவன் மனைவி. அவன் படித்தது வணிகவியல்.

ஜன்னலோர மேசையில் இருந்தது அவனைவிட வயதில் மூத்த கம்ப்யூட்டர். கீபோர்டுக்குள்ளேயே எல்லாம் அடக்கம், திரைக்குப் பதில் ஒரு குட்டி டிவி. பழைய சாமான் கடையிலிருந்து அவள் தூக்கி வந்தது. பீப் என்பதற்கு மேல் அதற்கு ஒரு சத்தமும் வராது. அதைப் பேச வைக்கிறேன் என்று, பின்பக்கம் செருகும்படி தானே ஒரு போர்டு செய்தாள். ஒரு வருஷ வேலை. கேட்டால், "முடியட்டும், காட்டுறேன்" என்பாள்.

ஏழு மாதத்துக்கு முன், ஒரு வாரக் காய்ச்சலில், அவள் போய்விட்டாள்.

போன வாரம்தான் அவளுடைய நோட்டைத் திறந்தான். கடைசிப் பக்கத்தில் இருந்தது: "குரல் ஏற்றியாச்சு. என் குரல்தான். 8 விநாடி."

அவள் குரல் வேறெங்கும் இல்லை. இருவருமே போனில் எழுதி அனுப்புகிற ரகம்.

நோட்டு சொன்னபடி ஒவ்வொன்றாகப் பார்த்தாயிற்று. முனைகளை ரப்பரால் தேய்த்தான். சால்டர் வைத்த இடங்களை லென்ஸில் எண்ணினான். மீட்டரில் ஐந்து வோல்ட் சரியாக வந்தது. ஒரு கெப்பாசிட்டரை மாற்றினான். விரல் சுட்டதுதான் மிச்சம்.

கதவு திறந்தது. அவளுடைய அண்ணன், பஸ் டிப்போ மெக்கானிக். நிலைவாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு.

"மாப்ளே, இன்னுமா குடைஞ்சிட்டிருக்க? அம்மா சாப்பிடக் கூப்பிட்டாங்க. நீ வராம அவங்க தட்டைத் தொட மாட்டாங்களாம். என் பசியைக் கேக்க நாதி இல்ல."

"அஞ்சு நிமிஷம் மச்சான்."

"முந்தாநாளும் அஞ்சு நிமிஷம்னுதான் சொன்ன. டீசல் இன்ஜினே எனக்கு இவ்வளவு தண்ணி காட்டுனதில்ல." மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தான். "எங்க, போடு பாப்போம்."

அவன் ஸ்விட்சைப் போட்டான்.

திரையில் பிழை வரவில்லை. "சரி" என்று வந்தது.

ஸ்பீக்கர் கரகரத்தது. "ஒண்ணு, ரெ..."

மச்சான் அடிபட்டவன்போல நிமிர்ந்தான். அந்தக் கணமே குரல் உடைந்து, வெறும் இரைச்சலாகி, நின்றுபோனது.

திரையில் பிழை.

"அவதான். மாப்ளே, அது அவதான்!"

"நகராத மச்சான். முன்ன நின்ன மாதிரியே நில்லு."

"நான் என்ன பண்ணேன்? தொடவே இல்லப்பா."

"மேசையை அழுத்தினே. எங்கேயோ லூஸ் கனெக்‌ஷன்."

மறுபுறத்திலிருந்து மேசையை அழுத்தச் சொன்னான். பிழை. தரையில் ஓங்கி மிதிக்கச் சொன்னான். பிழை. ஒவ்வொரு தடவையும் புது எண். இன்னும் எத்தனை முறை தாங்கும்?

"பழைய இடத்துக்கு வா. ஆனா மேசையைத் தொடாத."

மச்சான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, திட்டு வாங்கும் பையனைப் போலக் குனிந்தான். திரையில்: சரி. அவன் உடனே அணைத்துவிட்டான்.

"ஏம்ப்பா நிறுத்தின?"

அவன் மச்சானின் தோளைப் பார்த்தான். அதற்குப் பின்னால் ஜன்னல். போர்டின் மேல் அந்தப் பெரிய உடம்பின் நிழல்.

"கொஞ்சம் தள்ளு."

வெயில் போர்டில் விழுந்தது. சிப்பின் முதுகில், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டக் கண்ணாடி பளிச்சிட்டது. உள்ளே உலோகத் துணுக்கு கண்போலத் தெரிந்தது.

நோட்டைப் புரட்டினான். பக்கம் பக்கமாகத் தள்ளிவிட்டுப் போன முன்பகுதியில் இருந்தது: இந்தச் சிப்பை அழிக்க வேண்டுமானால் கண்ணாடி வழியே புற ஊதாக்கதிர் பாய்ச்ச வேண்டும். வெயிலும் ஆகாது, கம்ப்யூட்டர் சிப்பைப் படிக்கும்போதே குழப்பும். எழுதி முடித்ததும் கண்ணாடியை மூடி ஸ்டிக்கர் ஒட்டு.

அவள் மூடித்தான் ஒட்டியிருந்தாள்.

அவன் பர்ஸை எடுத்தான். அதில் பணத்தைவிட ஸ்டிக்கர்கள் அதிகம். அவள் கண்டதிலெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டி எழுதி வைப்பாள். சர்க்கரை டப்பா, ஃபேன் ஸ்விட்ச், அவனுடைய ஷேவிங் செட் வரை. அவள் போன பிறகு ஒவ்வொன்றாகக் கிழியாமல் உரித்துச் சேர்த்துக்கொண்டிருந்தான். முதல் நாள் போர்டை வெளியே எடுத்ததும் செய்த முதல் வேலையும் சிப்பின் மேலிருந்ததை உரித்ததுதான். அலுமினியத் தாளில் அவள் கையெழுத்து: "ஏழாவது தடவை. இதுவாச்சும்."

"நான்தான் மச்சான். நாலு நாளா வெயில்ல வச்சு அழிச்சிருக்கேன்."

"சும்மா இரு. இப்பதானே 'சரி'ன்னு வந்துச்சு?"

"வந்துச்சு. இன்னொரு தடவை வரணுமே."

கண்ணாடிமேல் ஸ்டிக்கரை வைத்தான். பசை காய்ந்துபோயிருந்தது. மச்சான் பையிலிருந்து கறுப்பு டேப்பை நீட்டினான். டேப் ஒட்டினால் எழுத்து மறையும். திரும்ப உரித்தால் கிழியும். அவன் டேப்பை வாங்கவில்லை. ஸ்டிக்கரின் மேல் கட்டைவிரலை அழுத்திக்கொண்டான்.

"நீ போடு மச்சான்."

"நானா?" உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டான்.

கர்சர் துடித்தது. விரலடியில் சிப் சூடேறியது. அவன் எடுக்கவில்லை.

சரி.

"ஒண்ணு, ரெண்டு, மூணு. நல்லா வருதா? நாலு..." கதவு கிரீச்சிடும் சத்தம். "ஐயோ, கதவைச் சாத்துப்பா! ரெக்கார்ட் ஆயிட்டிருக்கு!"

பிறகு ஓர் ஆண் குரல், சிரிப்பை அடக்க முடியாமல்: "சாரி, சாரி! சாயங்காலம் வெளிய போலாமான்னு கேக்க வந்தேன்..."

முடிந்தது. அறையில் டிவியின் இரைச்சல் மட்டும்.

மச்சான் மூக்கை உறிஞ்சினான். "அந்த ஆளு யாரு மாப்ளே?"

அவனுக்கும் உடனே அடையாளம் தெரியவில்லை. இவ்வளவு சத்தமாகச் சிரிக்கிறவன் யார் என்றுதான் யோசித்தான்.

"நான்," என்றான்.

கட்டைவிரலை எடுக்காமலே இன்னொரு கையை டேப்புக்காக நீட்டினான்.