தங்கராசுவுக்கு வெட்டிய குழி

அப்பாவின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டும்போது பொற்கொடிக்கு முடிச்சு இரண்டு தடவை நழுவியது. பெற்ற பெண் அல்லவா என்று பார்த்தவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். துக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் முடிச்சை நழுவவிட்டது துக்கம் அல்ல, பயம். இடுகாட்டில் குழி வெட்ட ஆட்கள் விடியும்போதே போய்விட்டார்கள். அதை நிறுத்தச் சொல்ல வேண்டும். அவளுக்கு வாய் வரவில்லை.

அந்த இடுகாட்டை ஊர் லேசாகப் பேசாது. பாதி ஊருக்குத் தொப்புள்கொடி அறுத்த கலியம்மாள் அங்கேதான் இருக்கிறாள். காலனியிலிருந்து முதன்முதலாக நிலக்கரிச் சுரங்கத்தில் பர்மனென்ட் ஆன சின்னதுரை அங்கே இருக்கிறார். உயிரோடு இருந்தவரை அந்தப் பெருமையைச் சொல்லாத நாளில்லை. பறையை எடுத்தால் காடாம்புலியூர் வரைக்கும் தூங்கவிடாத ராஜாங்கமும் அங்கேதான் ஒருவழியாகச் சத்தமில்லாமல் படுத்திருக்கிறார். கல்லறை, பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. முந்திரி மரங்கள்தான் அடையாளம். தானே புயல் அவற்றையும் சாய்த்துவிட்டுப் போன பிறகு எந்த மேடு யாருடையது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். சித்தப்பா சிங்காரவேலுவுக்கு மட்டும் ஒரு மேட்டில் குழப்பமே வந்ததில்லை. அவர் மனைவி செல்லக்கிளி படுத்திருக்கும் இடம் அது. வாராவாரம் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார்.

அங்கே போகிற பாதையை வாங்கிக் கொடுத்தவரே அப்பா தங்கராசுதான். முன்பெல்லாம் பாடையைத் தூக்கிக்கொண்டு அடுத்தவர் வரப்பில் ஏச்சு வாங்கித்தான் போவார்கள். அவர் தாலுக்கா ஆபீசுக்குச் செருப்புத் தேய நடந்து அந்தப் பாதையைப் போட வைத்தார். அப்பேர்ப்பட்டவருக்குப் பெரிய மனிதர்கள் நடுவில், செல்லக்கிளிக்குப் பக்கத்தில் இடம் என்று சித்தப்பா சொன்னபோது யாரும் மறுக்கவில்லை.

பொற்கொடிக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. நிலக்கரிக்கு மேலே வெட்டியெடுத்த மண்ணை ஏற்றிப்போகும் கன்வேயர் பெல்ட்டின் ஓரம் சிந்துகிற மண்ணை வாரிப் போடுவாள். சுரங்கத்துக்காகப் பக்கத்து ஊரைக் காலி செய்தபோது, எடுக்க வேண்டியதையெல்லாம் எடுத்துக்கொள்ள நாள் கொடுத்திருந்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் நிலைக்கதவைப் பெயர்த்தார்கள், கூரை ஓடுகளை இறக்கினார்கள், மாரியம்மனை மேளதாளத்தோடு கொண்டுபோனார்கள். செத்தவர்கள் ஒருத்தர் நினைவுக்கும் வரவில்லை. புதைத்தவர்களைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போவது எந்த ஊர் வழக்கம்?

மழை விட்ட ஒருநாள் பெல்ட்டில் செம்மண்ணோடு ஒரு தாடையெலும்பு போனதை அவள் பார்த்தாள். பற்கள் அப்படியே இருந்தன. பெல்ட் நிற்கவில்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து சோற்றில் ஒரு கல் கடிபட்டாலும் துப்பிவிட்டு எழுந்துவிடுவாள். இப்போது சுரங்கத்தின் இரைச்சல் வாசல்வரை கேட்கிறது. அடுத்தது இந்த ஊர்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

பாடையைத் தூக்க ஆட்கள் குனிந்தார்கள். பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிட வேண்டும், அதற்கப்புறம் சொல்லிப் பயனில்லை. அவள் சித்தப்பாவின் கையைப் பிடித்தாள்.

"சித்தப்பா, அப்பாவ பொதைக்க வாணாம். டவுன்ஷிப் சுடுகாட்டுல எரிச்சுடலாம்."

துக்கத்தில் பேசுகிறாள் என்றுதான் அவர் நினைத்தார். எரிப்பது நம் வழக்கமில்லை என்று மெதுவாகச் சொன்னார். அதோடு, வெட்டின குழியை வெறுமனே விட்டால் அது இன்னொரு ஆளைக் கேட்கும், வீட்டில் யாரைக் கொடுக்கப் போகிறாய் என்றார். அந்த நம்பிக்கை பொற்கொடிக்கும் உண்டு. ஆனாலும் பிடித்த கையை அவள் விடவில்லை.

"பெல்ட்டுல பாத்தேன் சித்தப்பா. பக்கத்தூரு ஆளு யாரோ. தாடை மட்டும் பல்லோட போயிகினு இருந்துது. எங்கப்பாவையும் நான் அப்பிடிப் பாக்கணுமா?"

சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சித்தப்பா தோள்துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு வண்டிக்குச் சொல்லி அனுப்பினார்.

அப்பாவை எரித்தாயிற்று. ஆளுக்குப் பதிலாக வாழைமரத்தை வெட்டிக் குழியில் போட்டு மூடிவிட்டு வருவதாகச் சொல்லி, சித்தப்பா மண்வெட்டியோடு தனியாகப் போனார். மற்றவர்கள் குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். பொழுது சாய்ந்தும் அவரைக் காணோம். பொற்கொடி செல்போனில் அடித்துப் பார்த்தாள், எடுக்கவில்லை. குழி கேட்டுவிட்டது என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. கேட்க வைத்தது தான்தான் என்றும் அடித்துக்கொண்டது.

ஒருவரிடமும் சொல்லாமல் கிளம்பினாள். அப்பா வாங்கிய பாதையில் அவள் கால்வைத்தது அன்றுதான் முதல்தடவை. தூரத்தில் மண்ணை அறுக்கிற இயந்திரத்தின் அதிர்வு உள்ளங்காலில் ஏறியது. குழிமேட்டில் வாழைமரம் வெட்டியபடியே கிடந்தது. அதன் பக்கத்தில் சித்தப்பாவின் செருப்பு. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அப்போதுதான் உள்ளேயிருந்து மண் சுரண்டும் சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தாள். சித்தப்பா குழிக்குள் மண்டியிட்டு, செல்லக்கிளி இருக்கும் பக்கத்துச் சுவரை விரலால் பறித்துக்கொண்டிருந்தார். மண்வெட்டி பட்டுவிடக் கூடாதென்று அதை மேலே தூக்கி வைத்திருந்தார். நகங்களில் ரத்தம். உயிரோடு இருக்கிறார் என்ற நிம்மதியில் பொற்கொடி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்க சித்தியையும் கூட்டிகினு போயிடலாம்மா" என்றார் அவர், நிமிராமல்.

அவளுக்குப் புரிந்தது. சித்திக்குப் பச்சை நிறம் பிடிக்கும், பெட்டியில் கட்டாத பச்சைப் புடவை ஒன்று இருந்தது.

"புதுப் பொடவ எடுத்தாரட்டா சித்தப்பா?"

அவர் பறித்த இடத்துக்குள் கையை விட்டு மெல்லிய எலும்பு ஒன்றைத் தடவிப் பார்த்தார். கையை உடனே எடுக்கவில்லை.

"பொடவ வாணாம்மா. ஒரு துண்டு போதும்."

பொற்கொடி எழுந்து வீட்டைப் பார்க்க நடந்தாள். பின்னால் மண் சுரண்டும் சத்தம் மறுபடி தொடங்கியது.