கட்டம் கட்டமாய் இருநூற்றைம்பது பேர்

காப்பீட்டு அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'கொள்கை சார்' என்றால்தான் தெரியும். ஆண்டுக்கு ஒரு கொள்கையைக் கையில் எடுப்பார், எல்லோரையும் கூட்டி வைத்து அறிவிப்பார், மூன்று மாதத்தில் சத்தமில்லாமல் கீழே வைத்துவிடுவார். சர்க்கரையைத் துறந்திருக்கிறார். லிப்டைத் துறந்திருக்கிறார். போன வருடம் மொழிப்பற்று பொங்கி, கைப்பேசியில் இருந்த ஆயிரத்து நூற்று நாற்பது பெயர்களையும் தமிழில் மாற்றி அடித்தார். அவர் முழுதாக முடித்த கொள்கை அது ஒன்றுதான். அதுவும் அலுவலக நேரத்தில் செய்ததால் முடிந்தது.

இந்த வருடம் மன அமைதி. ஒரு நாள் பயிலரங்கில் உட்கார்ந்து எழுந்தவர், தொடுதிரைக் கைப்பேசிதான் மனிதனைக் கெடுக்கிறது என்று கண்டுபிடித்தார். சனிக்கிழமை மாலையே கடைக்குப் போய், பத்து வருடத்துக்கு முந்தைய பட்டன் போன் ஒன்றைத் தேடிப் பிடித்தார்.

"நம்பர் எல்லாம் இதுக்கு வந்துடும்ல?"

"சிம்முல ஏத்தித் தரேன் சார். ஆனா இருநூத்தைம்பதுதான் பிடிக்கும். யார் யார் வேணும்னு பாத்துச் சொல்றீங்களா?" என்றார் கடைக்காரர்.

யார் வேண்டும், யார் வேண்டாம் என்று யோசிப்பது மன அமைதிக்குக் கேடு. "அதுவா எவ்வளவு ஏறுதோ ஏறட்டும்," என்று பெரிய மனது பண்ணினார். ஏற்றி முடித்ததும், மறுபடி சபலம் தட்டக் கூடாதென்று பழைய போனில் இருந்த அத்தனையையும் தன் கையாலேயே அழித்து, அதைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டார். எண்களை இணையத்தில் சேமித்து வைக்கவா என்று அந்தப் போன் வருடக்கணக்கில் கெஞ்சியிருந்தது. 'பிறகு' என்பதைத் தவிர வேறெதையும் அவர் தொட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "அதுலேர்ந்து எனக்கு ஒரு ரிங் குடுங்க, பாப்போம்," என்றாள்.

பட்டியலைத் திறந்தார். பெயர்கள் இருக்கவேண்டிய இடத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒருவர் ஆறு கட்டம், ஒருவர் பத்துக் கட்டம். பெட்டியில் அச்சிட்டிருந்த எண்ணில் கடைக்காரரைப் பிடித்தார்.

"அந்தப் போனுக்குத் தமிழ் தெரியாது சார். அப்புறம், 'அ'ல ஆரம்பிச்சு 'ச' வரைக்கும்தான் ஏறியிருக்கு. அதுக்கு மேல இடம் இல்லை."

ஆட்டோக்காரர்கள் மூன்று பேர், இஸ்திரிக் கடை, எலக்ட்ரீஷியன், குழாய் ரிப்பேர் எல்லோரும் இடம் பிடித்துவிட்டார்கள். மனைவி, மாமனார், மேலாளர் மூவரும் 'ம'. வெளியே நின்றார்கள்.

"'அன்பு மனைவி'ன்னு போட்டிருந்தா நானும் உள்ள வந்திருப்பேன்," என்றாள் மனைவி. குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் ஞாயிறு. காலையிலேயே நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, மேலிருந்து ஒவ்வொரு கட்டமாகக் கூப்பிட ஆரம்பித்தார். முதலில் எடுத்தவர் அக்குபங்சர் மருத்துவர். முதுகுவலி திரும்பிவிட்டது என்று அவராகவே முடிவுசெய்து நேரம் ஒதுக்கிக் கொடுத்தார். அடுத்தவர் அடுப்பு ரிப்பேர்க்காரர். இவரை ஏமாற்றுப் பேர்வழி என்று நினைத்துத் திட்டிவிட்டு வைத்தார். மூன்றாவது எண்ணில் எடுத்தவர் பேசவே இல்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஹலோ, நீங்க யாரு? யாருன்னே தெரியலையே. வாயைத் திறந்து சொன்னாத்தானே தெரியும்?"

"யாருன்னு தெரியலையாடா?"

குரல் கொள்கை சாருக்குப் பிடிபட்டது. அண்ணன்.

பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்ற அந்த அண்ணனோடு அவர் பேசி ஆறு வருடம் ஆகிறது. அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா பெயரைப் போட்டார்கள், பக்கத்தில் எம்.காம். போடவில்லை. உலகப் போர்கள் இதைவிடச் சின்ன விஷயத்துக்கு நடந்திருக்கின்றன என்பது இவர் கட்சி. கல்யாணத்துக்கே போகவில்லை.

"ஆறு வருஷம் கழிச்சு, தம்பி கூப்பிடறானேன்னு ஓடி வந்து எடுத்தேன். நான் யாருன்னா கேக்கறே? இரு. நேர்ல வந்து சொல்றேன்." வைத்துவிட்டார்.

திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. "என்ன பண்றது?" என்று கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"வந்தா வரட்டும். முதல்ல அந்தக் கிழிஞ்ச பனியனை மாத்துங்க," என்றாள் மனைவி.

ஒன்றரை மணி நேரத்தில் அண்ணன் வாசலில் நின்றார். செருப்பைக் கழற்றவில்லை. "இப்ப சொல்லு. நான் யாரு?"

இவர் பட்டியலைத் திறந்து, போனை நீட்டினார். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"என்னடா இது, வெறும் கட்டமா இருக்கு?"

"எல்லாரும் அப்படித்தாண்ணா இருக்காங்க."

"நானுமா?"

"மூணாவது நீதான்."

அண்ணன் இன்னொரு முறை பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இதுக்காடா நான் ரெண்டு பஸ் மாறி வந்தேன்?" என்று சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

காபி குடிக்கும்போது கொள்கை சார் மெதுவாகக் கேட்டார். "பத்திரிகையில எம்.காம். ஏன் போடலை?"

"அச்சடிக்கிறவன் வரியில இடம் பத்தலைன்னான். எதையாவது எடுக்கணும்னான். சரி, எடுன்னுட்டேன்."

இடம் பத்தவில்லை என்று பெண்டாட்டியையே வெளியே விட்டவர் அதற்கு மேல் என்ன பேசுவார்? சமையலறையிலிருந்து ஒரு கனைப்பு மட்டும் வந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணன் தன் போனை எடுத்து, சொந்தக்காரர்களின் எண்களைக் கடைசி நான்கு இலக்கத்தை வைத்து ஒத்துப் பார்த்தார். தம்பி ஒரு எழுத்துக்கு மூன்று முறை பட்டனை அழுத்தி, ஆங்கிலத்தில் பெயர்களை ஏற்றினார். எழுத்துக் கூட்டுவதில் இரண்டு முறை சண்டை வந்தது. நாற்பது பெயர் முடிவதற்குள் கட்டைவிரல் வீங்கிவிட்டது.

"மீதியை அடுத்த ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்," என்று அண்ணன் கிளம்பினார்.

அடுத்த ஞாயிறு அண்ணியோடு வந்தார். பதினோரு பெயர் ஏறியது. அதற்கடுத்த ஞாயிறு மகளும் மருமகனும் வந்தார்கள், நான்கே பெயர். இப்போதும் வாரம் தவறாமல் வருகிறார்கள். போன் அலமாரி மேல் கிடக்கிறது. அடித்தால், பக்கத்தில் இருப்பவர் எடுத்து, யார் என்று கேட்டுச் சொல்கிறார்.