பாதிக் கொட்டாங்கச்சி சாம்பல்

“அதெல்லாம் சரிம்மா, நீ வரி போடுற ஆளா, வரியக் கொறைக்கிற ஆளா? மொதல்ல அதச் சொல்லு.”

தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த மாணிக்கவேல் மூன்றாவது முறையாகக் கேட்டார். சுகாசினியும் மூன்றாவது முறையாக முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

“ரெண்டும் இல்ல அங்கிள். வரி போடுறது கவர்மென்ட்டு. அந்த வரியால லாபமோ நஷ்டமோ ஆவுற கம்பெனிங்க இருக்குதுல்ல, அவங்கல்லாம் சேந்து சிங்கப்பூர்ல ஒரு கூட்டமைப்பு வச்சிருக்காங்க. அவங்களுக்கு இன்னா வேணுமோ அத மந்திரிக்கும் ஆபீசருங்களுக்கும் புரியற மாதிரி எழுதி, நேர்ல போயி பேசணும். டெல்லி, பாங்காக், ஜகார்த்தா, எல்லா ஊருக்கும் போவணும்.”

“மனு எழுதுற வேல.”

“மனு இல்ல அங்கிள்…” என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். யோசித்துப் பார்த்தால் மனுதான். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மடக்கு நாற்காலி போட்டு, பட்டா மாற்றத்துக்கும் முதியோர் பென்ஷனுக்கும் எழுதித் தருகிறவருக்கும் தனக்கும் நடுவில் இருப்பது ஒரு விமான டிக்கெட் மட்டும்தானோ? இந்தச் சந்தேகம் அவளுக்கு இதற்கு முன் வந்ததில்லை. எம்.ஏ. எகனாமிக்ஸ் முடித்து, சென்னையில் தோல் ஏற்றுமதியாளர் சங்கம் ஒன்றில் ஒன்றரை வருடம் குறிப்பு எழுதி, முன்னூறு பக்க ஒப்பந்தத்தில் ஷூவின் அடிப்பாகத்துக்குத் தனி வரி, மேல்பாகத்துக்குத் தனி வரி என்று இருப்பதை ராத்திரி தூக்கம் கெட்டுப் படித்துச் சந்தோஷப்பட்டவள் அவள். அவள் அப்பா யேசுதாஸ் தன் ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில் ஏறுகிறவர்களிடமெல்லாம், “எம்பொண்ணு சிங்கப்பூர்ல வரி போடப் போறா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். திருத்துவதை அவள் விட்டு நாளாகிவிட்டது.

சிங்கப்பூர் வேலைக்கு இது கடைசிச் சுற்று. நாளை காலை பதினோரு மணிக்கு வீடியோவில் மூன்று பேர் கேள்வி கேட்பார்கள். அதற்கு முன் இரண்டு பக்க மனு ஒன்று எழுதி அனுப்ப வேண்டும். தலைப்பை அவர்களே கொடுத்திருந்தார்கள்: கச்சாப் பட்டு இறக்குமதி வரியைக் குறைக்க வேண்டும். கூடவே ஒரு நிபந்தனை. களத்திலிருந்து ஒரே ஒரு உண்மையான குரல், பெயரோடும் சம்மதத்தோடும். தலைப்பைப் பார்த்ததும் சுகாசினி கட்டிலிலிருந்து துள்ளி எழுந்துவிட்டாள். காஞ்சிபுரத்துக்காரியிடம் போய்ப் பட்டைப் பற்றிக் கேட்கிறார்களே!

மாணிக்கவேல் அவள் சிநேகிதி பொன்னியின் அப்பா. பிள்ளையார்பாளையத்தில் முப்பது வருடத் தறி. இன்றைக்கு அவர் நெய்ய முடியாது. தறியில் நீளவாட்டில் ஓடும் இழைகளான பாவு பழையது தீர்ந்து, புதுப் பாவு வந்திருந்தது. பழையதின் வால் நுனியோடு புதியதின் ஒவ்வோர் இழையையும் கையால் முறுக்கிச் சேர்க்க வேண்டும், ஆயிரக்கணக்கான இழை. பிணைப்பு என்பார்கள். அந்த வேலைக்கு வந்திருந்தவள் சுகாசினியின் அம்மா கங்கையம்மாள். தறியின் பின்பக்கம் கால் மடக்கி உட்கார்ந்து, பக்கத்துக் கொட்டாங்கச்சியில் இருக்கும் சாம்பலை விரலால் தொட்டுத் தொட்டு, இழையை இழையோடு உருட்டிக்கொண்டிருந்தாள். சாம்பல் இல்லாவிட்டால் பட்டு வழுக்கும். மகள் பேட்டி எடுப்பதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் எண்ணிக்கை தப்பும்.

“எழுதிக்கோ,” என்றார் மாணிக்கவேல். “நம்மூரு நூலு நடுவுல சிம்பு சிம்பா நிக்கும். ஒரு மொழத்துக்குப் பத்து வாட்டி அறும். சைனா நூலு அப்படியில்ல. இதோ, கடைக்காரரு சைனாதான்னு சொல்லிக் குடுத்த பாவு இது. தொட்டுப் பாரு, வெண்ண மாதிரி இருக்குது. முப்பது வருசம் நெய்யறேன், என் கைக்குத் தெரியாதா? வரியக் கொறச்சா எங்க எல்லாருக்கும் இது கெடைக்கும். போட்டுக்கோ, பே. மாணிக்கவேல்னு இனிஷியலோட. சிங்கப்பூர்ல படிப்பாங்களா?”

“மூணு பேரு படிப்பாங்க அங்கிள்.”

“மூணே பேரா?” அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஆனாலும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து போட்டோவுக்கு நின்றார்.

அங்கேயே உட்கார்ந்து அவள் தட்டி முடித்தாள். ‘என் கைக்குத் தெரியாதா’ என்ற வரியை ஆங்கிலத்தில் கொண்டுவந்ததும் அவளுக்கே சிலிர்த்தது. சம்மதத்துக்காகத் தமிழிலும் ஒன்று எழுதி, போட்டோவோடு அவர் போனுக்கு அனுப்பினாள். அங்கேதான் தப்பு நடந்தது. மாணிக்கவேல் படித்தார், பூரித்தார், பூரித்த கையோடு அதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்.

மதியம் இரண்டு மணிக்குப் பொன்னி கூப்பிட்டாள்.

“ஏண்டி, உனக்கு வேல வேணும்னா எங்க வூட்டுக்காரரு வயித்துல மண்ணு போடுவியா?”

“நான் இன்னாடி பண்ணேன்?”

“சைனா பட்ட எறக்குங்கன்னு எங்கப்பாவே கையெழுத்துப் போட்டா மாதிரி இருக்குது. இவரு ஒன்ற ஏக்கரா நெல்ல அழிச்சிட்டு மல்பெரி போட்டு, லோன் வாங்கி ஷெட்டு கட்டிக்கினு பட்டுப்புழுவோட படுத்துக் கெடக்கிறாரு. வர்ற ஞாயித்துக்கிழம புள்ளைக்குக் காதுகுத்து. எங்க அண்ணன் மடியிலதான உக்காத்தி வச்சு குத்தணும்? மாமியா இன்னா கேக்கிறாங்க தெரியுமா? ‘தாய்மாமனும் சைனாலேந்தே வரட்டுமே’ன்றாங்க.”

சுகாசினிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் சிநேகிதம் போய்விடும் என்பதும் தெரிந்தது. அப்பாவின் ஆட்டோவிலேயே பொன்னியின் வீட்டுக்குக் கிளம்பிப் போனாள்.

பொன்னியின் கணவன் அருள் ஷெட் வாசலிலேயே அவளை நிறுத்திவிட்டான். “சென்ட்டு போட்டிருக்கிறியா? உள்ள வராத. புழுவுக்கு ஆவாது.” கொசுவலைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவள். அவனுக்குப் பின்னால் அடுக்கடுக்காய்த் தட்டுகளில் வெள்ளைப் புழுக்கள் தலையைத் தூக்கியபடி அசையாமல் இருந்தன. தோல் உரிக்கிற நேரமாம், சத்தம் கூடாதாம். அவன் குரலைத் தாழ்த்தித்தான் பேசினான். திட்டு வாங்கத் தயாராக வந்தவளுக்கு அந்தக் குரல் இன்னும் கஷ்டமாக இருந்தது.

“மாமனாரு சொன்னது தப்புன்னு சொல்ல மாட்டேன். அவரு நெய்யறவரு. ஆனா சைனா நூலு வந்து எறங்கற அன்னிக்கு மார்க்கெட்ல என் பட்டுக்கூடு கிலோவுக்கு எவ்ளோ எறங்குதுன்னு நீ எழுதினியா? இப்பதான பழகறோம், நாலு வருசம் டைம் குடுத்தா நம்ம நூலும் சிம்பில்லாம வரும்னு எழுதினியா?” கொஞ்சம் யோசித்துவிட்டு, “எனக்கும் ஒண்ணு எழுதிக் குடேன். வரியக் கொறைக்காதீங்கன்னு. என் பேரு போட்டுக்கோ, நான் பயப்பட மாட்டேன்.”

புளியமரத்தடியில் நின்றபடியே போனில் எழுதினாள். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. கிளையில் உட்கார்ந்திருக்கிறவன் கையில் ஏணியைக் கொடுக்காமல் மரத்தை வெட்டுகிற மாதிரி என்று ஒரு வரி தானாக வந்து விழுந்தது. படித்துக் காட்டியபோது வலைக்குப் பின்னால் அருள் கண்ணைத் துடைத்துக்கொண்டான். முதல் மனுவை விட இது நன்றாக இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. காலையில் அங்கே சிலிர்த்தது, சாயங்காலம் இங்கேயும் அதே மாதிரிச் சிலிர்க்கிறதே! அப்படியானால் சிலிர்ப்புக்கு என்ன மரியாதை? நாளைக்கு ஜகார்த்தாவில் யாரோ ஒருவன் பாமாயிலுக்கு எழுதச் சொன்னால் அதற்கும் சிலிர்க்குமா? இதற்குப் பெயர் திறமையா, இல்லை வேறு ஏதாவதா?

ஆட்டோவில் திரும்பும்போது மாணிக்கவேல் கூப்பிட்டார். குரலில் காலையில் இருந்த மிடுக்கு இல்லை.

“பாப்பா, என் பேர எடுத்துடு.”

“ஏன் அங்கிள், சொன்னது பொய்யா?”

“பொய்யில்லம்மா. நெசவாளி மாணிக்கவேலு சொன்னது அத்தனையும் நெசம். ஆனா சம்பந்தி மாணிக்கவேலு அத சொல்ல மாட்டான். பேரனுக்குக் காதுகுத்து முடியட்டும், அப்புறம் இன்னா வேணா போட்டுக்கோ.”

“நாளைக்குக் காலைல குடுக்கணும் அங்கிள்.”

“அப்போ எதிர் வூட்டு குப்புசாமி பேரு போடு. அவனுக்குப் பொண்ணே கெடையாது.”

வீட்டில் கங்கையம்மாள் வேலை முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். கொட்டாங்கச்சி சுவரோரம் இருந்தது. சுகாசினி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். அம்மா கேட்டுக்கொண்டே அரிசி களைந்தாள். எந்தப் பக்கமும் பேசவில்லை. கடைசியில் மகள் புலம்பலாக, “அந்த சைனா நூலு நெஜமாவே அவ்ளோ நல்லாவா இருக்குது?” என்று கேட்டபோதுதான் நிமிர்ந்தாள்.

“எந்த சைனா நூலு?”

“இன்னிக்கு நீ பிணைச்சியே, அதுதான்.”

“அது சைனா இல்லியே.”

சுகாசினி கையிலிருந்த போனைக் கீழே வைத்தாள்.

“சைனா நூலுன்னா வழுக்கும்டி. ஒரு எழைக்கு ரெண்டு வாட்டி சாம்பல் தொட்டாதான் முறுக்கு நிக்கும். பாவு முடியறதுக்குள்ள கொட்டாங்கச்சி காலியாயிடும். இன்னிக்குப் பாரு.” ஈரக்கையால் சுவரோரத்தைக் காட்டினாள். பாதிக் கொட்டாங்கச்சிக்குச் சாம்பல் மிச்சம் இருந்தது. “நம்மூரு நூலுதான் இது. யாரோ நல்லா வளத்திருக்கிறான்.”

“அப்போ அருள் அண்ணனோடதா கூட இருக்கலாம்ல!”

“புழு மேல பேரா எழுதியிருக்குது?”

“மாணிக்கவேல் அங்கிள்கிட்ட நீ சொல்லலையா?”

“நான் எதுக்குச் சொல்லணும்? நூலுக்கடைக்காரரு சைனான்னு வித்தாரு, அவரு சைனான்னு வாங்கினாரு. மூணு தெருவுக்கு அந்தக் கடைக்காரரு சொல்லித்தான் எனக்குப் பிணைப்பு வருது. நாளைக்கும் பாவு இருக்குது, பத்தரைக்குப் போவணும்.” அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் திரும்பினாள். “நீ எதுவும் எழுதி வைக்காத, சொல்லிட்டேன். உன் வேலைக்கு நான் ஜெபம் பண்றேன். என் வேலைய நீ கெடுக்காத.”

ஒப்பந்தம், வரி, உலகச் சந்தை என்று முன்னூறு பக்கம் படித்தவளுக்கு, அந்தச் சாம்பல் சொன்னதை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்று தெரியவில்லை. வரியைக் குறைக்கச் சொன்ன கை தொட்டது உள்ளூர் நூல். வெண்ணெய் என்று அவர் மெச்சியது எதிர்க்கட்சியின் சரக்கு. இது அருளுக்குச் சாதகமா? அப்படியும் சொல்லிவிட முடியாது. ஒரு பாவு நன்றாக இருந்தால் ஊர் நூலெல்லாம் நன்றாகிவிடுமா? ஆனால் காலையிலிருந்து அவள் தேடிய களத்துக் குரல் ஒன்று உண்டென்றால் அது இதுதான். அதற்குத்தான் பெயர் போடக்கூடாது.

காலையில் மடிக்கணினியில் மூன்று கோப்புகள் திறந்திருந்தன. ஒன்று வரியைக் குறைக்கச் சொன்னது, இன்னொன்று கூடாது என்றது, மூன்றாவதில் ‘சாம்பல்’ என்று ஒரே ஒரு சொல். பத்தே காலுக்கு முதலாவதையே அனுப்பினாள். ‘என் கைக்குத் தெரியாதா’ என்ற வரியை மட்டும் எடுத்துவிட்டு. பெயர் எழுதும் கட்டத்தில், ‘நேரில் சொல்கிறேன்’ என்று போட்டாள். குப்புசாமி என்று அடித்து, அழித்து, மறுபடி அடித்து, அழித்த பிறகுதான்.

பதினோரு மணிக்குத் திரையில் மூன்று முகங்கள் வந்தன. வணக்கம், அறிமுகம், சின்னச் சிரிப்பு. நடுவில் இருந்த நரைத்த தலைப் பெண் அவள் மனுவைப் புரட்டினார். “நன்றாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குரல் யாருடையது?”

சுகாசினி வாயைத் திறப்பதற்குள் பின்னால் கதவு கிறீச்சிட்டது. பத்தரைக்குப் போயிருக்க வேண்டிய கங்கையம்மாள், பாதி வழியில் சாம்பலை மறந்தது ஞாபகம் வந்து திரும்பியிருந்தாள். கேமரா இருப்பது தெரியாமல் மகளின் தோளுக்குப் பின்னால் குனிந்து, சுவரோரத்துக் கொட்டாங்கச்சியை எடுத்து, சாம்பல் சிந்தாமல் உள்ளங்கையால் மூடிக்கொண்டு நிமிர்ந்தாள். திரையின் மூலையில் அவள் முகமும் அந்தக் கையும் அப்படியே நின்றன.

“இவர்தானா?” என்று நரைத்த தலைப் பெண் ஆர்வமாக முன்னே குனிந்தார்.

மூன்று முகங்களும் காத்திருந்தன. சுகாசினியின் விரல் மைக் பொத்தான் மேலேயே இருந்தது. அழுத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை. ஆமாம் என்றால் அம்மாவிடமே கேட்பார்கள், சாம்பல் சொன்னது வெளியே வரும், அப்புறம் தெருவில் அவள் வேலை என்ன ஆகும்? இல்லை என்றால் அந்த மனுவில் இருப்பது யாருடைய குரல்? அவளுக்குத்தான் ஒன்றும் பிடிபடவில்லை, விடுங்கள். அந்த நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருந்தால், சட்டென்று, யோசிக்காமல், என்ன சொல்லியிருப்பீர்கள்?