நிலாவில் உன் எடை

எடைமேடையின் எண்களைத் திருத்தாமல், ஏறி நிற்கும் பலகையைத் திருத்தியது தப்புதான். ஆனால் இப்படியொரு தப்பை வேறு யாராவது செய்து காட்டட்டுமே என்று மெக்கானிக் அக்கா மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள். வெளியே சொன்னதில்லை. சிறுவர் அறிவியல் கூடத்தின் மாடியில் ‘நிலாவில் உன் எடை’ என்று எழுதியிருந்த எடைமேடையில் ஏறி இறங்கிய குழந்தைகள், இருபத்தெட்டு வருடங்களாக, உண்மையாகவே ஆறில் ஒரு பங்கு எடையோடுதான் வீட்டுக்குப் போனார்கள். ராத்திரிச் சாப்பாடு வயிற்றில் இறங்கியதும் எடை திரும்பிவிடும்.

நடந்தது இதுதான். கூடம் திறப்பதற்கு முந்தின நாள் சாதாரண எடைமேடை ஒன்றைக் கொடுத்து, எண்களைக் குறைத்து எழுதிய தாளை அதன் முகப்பில் ஒட்டச் சொன்னார்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாதவள் தாளை மறந்துவிட்டு, பலகைக்கு அடியிலிருந்த சுருள்வில்லை மூன்று மணி நேரம் முறுக்குவதும் தளர்த்துவதுமாக இருந்தாள். எண்கள் மாறவில்லை, ஏறியவர்கள் மாறினார்கள். முதல் நாளே ஒரு சிறுமி ஒரே தாவலில் ஏழு படி இறங்கினாள். “மெதுவாப் போடி, பல்லு போயிடும்” என்று அவள் அம்மா அதட்டினாளே தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

முதல் பத்து வருடங்கள் வரிசை தபால் நிலைய முனை வரைக்கும் நின்றது. காற்று அதிகமான மாதங்களில் பெற்றோர் பிள்ளைகளின் சட்டைப் பையில் கூழாங்கற்களைப் போட்டுக் கூட்டிப்போனார்கள். நிலாவுக்குப் போய் வந்ததெல்லாம் அப்பா அம்மா மடியில் உட்காரட்டும், சீட்டு கனமானவர்களுக்கு என்று பஸ் கண்டக்டர் சத்தம் போடுவார். “வீட்டு மிக்ஸி ரெண்டு மாசமா ஓடல, ஊர்ப் பிள்ளைங்களைப் பறக்க விடுறா” என்று அவள் கணவன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லும்போது அவன் குரலிலும் ஒரு மிடுக்கு இருந்தது.

அவள் மட்டும் ஒருமுறைகூட அதில் ஏறவில்லை. தன் கையால் செய்தது தனக்கே பலிக்காமல் போய்விடுமோ என்ற பயம் என்றுதான் முதலில் நினைத்தாள். பல வருடம் கழித்துத்தான் விளங்கிற்று. பெருமைக்கும் ஒரு கனம் உண்டு; அதை அரை நாள்கூட இறக்கிவைக்க அவளுக்கு மனமில்லை.

பிறகு பள்ளிக்கூடங்கள் சுற்றுலாவை வணிக வளாகத்துக்கு மாற்றிக்கொண்டன. கூடத்திலிருந்த பிளாஸ்டர் இதயம் துடிப்பதை நிறுத்தியது. கோணல் கண்ணாடிகள் ரசம் போய், குண்டானவர்களையும் ஒல்லியானவர்களையும் ஒரே கறுப்பாகக் காட்டின. டைனோசருக்கு வால் போயிற்று. போன வருடம் முழுக்க வந்தவர்களை ஒரே வகுப்பறையில் உட்காரவைத்துவிடலாம். ஆனால் அத்தனை பேரும் நேராக மாடிக்கு ஏறினார்கள், அத்தனை பேரும் தாவித்தான் இறங்கினார்கள். தினமும் அவள் பதிவேட்டில் மற்ற எல்லாக் கருவிகளுக்கும் எதிரே ‘ஓடவில்லை’ என்று எழுதிவிட்டு, எடைமேடைக்கு மட்டும் ‘ஓடுகிறது’ என்று கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதுவாள். ஒரு கருவி ஓடினாலும் கூடத்தை மூடக் கூடாது என்பது விதி.

அதனால்தான், இடத்தை வாகன நிறுத்தமாக்க வந்த அதிகாரி முதல் வேலையாக எடைமேடையில் ஏறினார். முள் எழுபத்தெட்டில் நின்றது.

“என்னம்மா இது? நிலான்னா பதிமூணு காட்டணும். எனக்கும் கணக்கு தெரியும். இது பழுதுதான்.”

“இறங்கிப் பாருங்க சார்.”

இறங்கினார். முதல் அடியிலேயே ஒரு முழம் மேலே போய், மேசை விசிறிக் காற்றில் பக்கவாட்டாக நகர்ந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். முகம் மட்டும் சுற்றறிக்கை படிக்கிற முகமாகவே இருந்தது. தரை வழுக்குகிறது என்றார். கம்பியை விடாமல் மறு கையால் ஒரு தாளை நீட்டினார். எல்லாக் கருவிகளும் பழுது என்று அதில் தட்டச்சு செய்திருந்தது.

“போட்டுடுங்க. தலைமை அலுவலகத்துல உங்களுக்கு நல்ல வேலை, தனி மேசை, எல்லாம் ரெடி. ஒரு கையெழுத்துதானே?”

தாளை இரண்டு தரம் படித்தாள். இருபத்தெட்டு வருடப் பெருமையும் தொண்டைக்கு வந்து, குரலை உயர்த்தச் சொன்னது. உயர்த்தவில்லை. விசிறியை அணைத்து, அவர் கால் தரையில் படும்வரை காத்திருந்து, தாளை மடித்து அவருடைய சட்டைப் பையிலேயே வைத்தாள்.

“இது ஓடுது சார். நான் போடமாட்டேன்” என்று சொல்லிவிட்டு, படியில் கைப்பிடியை விடாமல் இறங்கச் சொன்னாள்.