பாறைக்குப் பாடமான ஐந்து சொற்கள்

ஞாயிற்றுக்கிழமை, 'பாறை' என்று எல்லோரும் கூப்பிடும் குத்துச்சண்டைக்காரனுக்குக் கடைசிச் சண்டை. பதினேழு வருஷம் வாங்கிய அடிக்கெல்லாம் சேர்த்து ஒரு கேடயம், கொஞ்சம் கைதட்டல், அப்புறம் ஓய்வு. அதற்கு முன் டாக்டர் ஒரு கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

அதில் அவன் மனைவிக்கு ஒரு பயமும் இல்லை. ஒவ்வொரு சண்டைக்கு முன்பும் நடக்கிற கூத்துதானே. டாக்டர் ஐந்து சொற்கள் சொல்வார்: யானை, கத்தரிக்கோல், மழை, நாற்காலி, எலுமிச்சை. கண்ணில் விளக்கடிப்பார், மூக்கைத் தொடச் சொல்வார், ஐந்து நிமிஷம் கழித்து அந்தச் சொற்களைத் திருப்பிக் கேட்பார். அடிபட்ட மூளை ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கிற சோதனையாம். அந்தப் புண்ணியவான் வருஷக்கணக்காக அதே ஐந்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். பயிற்சிக்கூடத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு மாஸ்டர் கையுறையைக் கொடுக்கும்போதே அந்த ஐந்தையும் சொல்லிக் கொடுத்துவிடுவார்.

பாறைக்கு அதை மனப்பாடம் செய்வித்தவள் மனைவிதான். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள், சட்டைக்கு மடிப்பு வைக்கிற மாதிரி அழுத்தி அழுத்திப் பதிய வைத்தாள். அதற்கே ஆறு மாதம் பிடித்தது.

"அஞ்சு வார்த்தைக்கு ஆறு மாசமாங்க? நம்ம பொண்ணு அதுக்குள்ள பாதிப் புத்தகத்தை முடிச்சிட்டா" என்று கேலி செய்வாள். அவனும் சிரிப்பான். பால் வாங்கப் போய் வெறுங்கையோடு வருவான். மகளை அழைத்துவர, அவள் எப்போதோ படித்து முடித்த பழைய பள்ளிக்கூடத்து வாசலில் போய் நிற்பான். "உங்களுக்கு வீட்டு நினைப்பே கிடையாது" என்று திட்டுவாள். நாலு வருஷமாக இதே பாட்டுதான்.

வெள்ளிக்கிழமை காலை போனால், கிளினிக்கில் புது டாக்டர். பழையவர் வேலையை விட்டுவிட்டாராம். இளம்பெண், சிரித்த முகம்.

"அஞ்சு வார்த்தை சொல்றேன், ஞாபகம் வெச்சுக்கோங்க. பாலம், கரண்டி, குதிரை, ஜன்னல், உப்பு."

மனைவி விரலை மடக்கி எண்ணினாள், பழைய ஐந்தில் ஒன்றுகூட இல்லை. ஐந்தே சொற்கள்தானே, மூன்றையாவது சொல்லிச் சமாளித்துவிடுவான் என்று தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொண்டாள். விளக்கு, மூக்கு எல்லாம் முடிந்தது.

"இப்போ அந்த வார்த்தைங்களைச் சொல்லுங்க."

பாறை நிமிர்ந்து உட்கார்ந்தான். "யானை, கத்தரிக்கோல், மழை, நாற்காலி, எலுமிச்சை." முடித்துவிட்டு மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தான்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "நான் சொன்னது வேற அஞ்சு. அதுல ஒண்ணாவது சொல்லுங்களேன்."

"நீங்கதானே மேடம் சொன்னீங்க? யானைன்னு ஆரம்பிச்சீங்களே!"

அவன் நடிக்கவில்லை. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அது தெரியாதா? இந்தப் பெண் யானை என்று சொன்னதாகவே அவன் நம்பினான்.

"எத்தனை நாளா இப்படி இருக்கார்?" என்று டாக்டர் மனைவியிடம் கேட்டாள்.

பால், பழைய பள்ளிக்கூடம், அந்த ஆறு மாதம், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பழைய டாக்டர் கண்ணில் மண்ணைத் தூவியதாக நினைத்துக்கொண்டிருந்தாள். தன் கண்ணிலேயே தூவிக்கொண்டிருக்கிறாள், பாவி.

"இனிமே ஒரு குத்துகூடப் படக்கூடாது. ஞாயித்துக்கிழமையும் கிடையாது" என்று டாக்டர் வேறொரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"ஒரே ஒரு சண்டை மேடம்…"

"வேண்டாங்க" என்றாள் மனைவி. "நான் சொல்றேன், போதும்."

அவன் தரையைப் பார்த்தான். பிறகு, "சரி, முடிஞ்சுது" என்றான். அந்தப் பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது. அவனை அணைத்தபடியே பஸ் ஏற்றினாள்.

மூன்றாவது நிறுத்தம் தாண்டியதும் அவள் முழங்கையைத் தட்டினான்.

"டாக்டர்கிட்ட எத்தனை மணிக்குப் போகணும்? ஒரு தடவை சொல்லிப் பாக்கறேன், சரியான்னு கேளு."

அவள் கையில் அந்தத் தாள் இருந்தது. அவன் விரல் விட்டு எண்ணியபடி யானை முதல் எலுமிச்சை வரை ஐந்தையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தான்.

"எப்படி?"

"எல்லாம் சரிங்க" என்றாள்.