எட்டுப் பகா எண்கள்

நீடாமங்கலத்துக்குப் பக்கத்திலுள்ள கொள்முதல் நிலையத்தில் மலர்க்கொடி நெல்லைக் கொட்டிப் பதினோரு நாளாகிவிட்டது. தார்ப்பாயை விரிப்பதும் சுருட்டுவதுமாகத் தோள்பட்டை இற்றுப்போயிருந்தது.

தஞ்சாவூரில் எம்.எஸ்சி. கணிதம் படித்தவள் அவள். வேலை அமையவில்லை. கணவன் அன்பரசனோடு வயலில் இறங்கி ஏழு வருடம். எந்த எண்ணைக் கண்டாலும் வகுத்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் விடவில்லை. முதல் நாள் போனில் பதிவு எண் வந்தபோதும் அப்படித்தான். இரண்டால் போனது, மூன்றால் போனது, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, பதினேழு, பத்தொன்பது. கடைசியில் ஈவு ஒன்றில் வந்து நின்றது.

"ஏங்க, ஒரு கோடிக்குள்ள எட்டு வெவ்வேற பகா எண்ணால மீதியில்லாம வகுபடுற நம்பர் இது ஒண்ணுதாங்க."

"நம்ம முறை எப்ப வரும்னு அது சொல்லுதா?" என்றான் அன்பரசன்.

அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பத்தாம் நாள் பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயோடு மல்லுக்கட்டியதில் அவளோடு போனும் நனைந்து உயிரை விட்டது. மறுநாள் பார்த்து முறை வந்தது.

"நம்பர் சொல்லுங்க" என்றார் எழுத்தர் ஜெயபால்.

"போன் நனைஞ்சிடுச்சு சார். பேரப் போட்டுப் பாருங்களேன்."

"பேரப் போட்டா திறக்காதும்மா."

ஒன்பதும் ஆறுமாக இருந்தது நினைவிருந்தது, வரிசைதான் குழம்பியது. இரண்டு முறை சொன்னாள். இரண்டும் தவறு. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கண் சொருகியது. அப்போதுதான் உறைத்தது: அதை நினைவில் வைத்திருக்கவே தேவையில்லை.

ஒரு பழைய படிவத்தைத் திருப்பி எழுதினாள். முதல் நான்கையும் பெருக்கினால் இருநூற்றுப்பத்து. பதினொன்றால், 2310. பதின்மூன்றால், 30030. பதினேழால், 510510. பத்தொன்பதில் மூளை நின்றுவிட்டது. இருபதால் பெருக்கி ஒரு மடங்கைக் கழித்தாள்.

"தொண்ணூத்தாறு, தொண்ணூத்தொம்பது, அறுநூத்தித் தொண்ணூறு."

திரையில் அவள் பெயர் வந்தது.

"எப்படிம்மா ஞாபகம் வந்துச்சு?"

"ஞாபகம் வரல சார். பெருக்கிப் பாத்தேன்."

ஜெயபாலுக்குப் புரியவில்லை, கேட்கவும் நேரமில்லை. நெல்லில் கருவியை வைத்துப் பார்த்தார். ஈரப்பதம் இருபத்தொன்று.

"பதினேழுக்கு மேல எடுக்க முடியாதும்மா. காய வச்சுக் கொண்டாங்க. பதிவு ஆயிடுச்சு, முறை போகாது."

அழக்கூடத் தெம்பில்லை. அன்பரசன் தார்ப்பாயை இழுத்தான். அவள் காலால் நெல்லைக் கிளறினாள். இரண்டு நாள் வெயில் தயவு பண்ணியது. மூன்றாம் நாள் மதியம் நெல் எடைக்குப் போனது. கையெழுத்துப் போடும்போது அவளுக்கு விரல் மடங்கவில்லை.

திரும்பும் வழியில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. லோடு ஆட்டோவில் காலிச் சாக்குகளின் மேல் மலர்க்கொடி வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வெயில் அவள் முகத்தில் விழாதபடி ஒரு சாக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அன்பரசன் கேட் திறக்கக் காத்திருந்தான்.